நூற்றுக்குப் பத்தொன்பது

லிட்டில்போர்ட்டுக்கு வடக்கே, ரயில்வே கேட் தாண்டி,
ட்ரெவர் ஹவ்லெட்டின் வெங்காய வயல்.
வாய்க்கால் தண்ணீர் வயலைவிட உயரத்தில் ஓடுகிறது.
வயல் வருடாவருடம் கொஞ்சம் இறங்குகிறது.
எவ்வளவு என்று கேட்டால்
பம்ப் அறையின் வாசலைக் காட்டுகிறார்:
அவர் பிறந்தபோது கடைசிப் படி மண்ணில் இருந்தது.
அதற்குக் கீழே இப்போது
இன்னும் இரண்டு படி கட்டியிருக்கிறார்கள்.

ஏப்ரல் ஒன்பது. மழையில்லாத பதினோராவது நாள்.
நான் கொண்டுபோனது ஒரு சங்கிலி.
சைக்கிள் சங்கிலிதான், சரியாக ஒரு மீட்டர்.
உழுசாலுக்குக் குறுக்கே மெல்லக் கிடத்தினேன்.
மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி,
கட்டிகளின் மேல் முதுகு வளைத்து
சங்கிலி தன் நீளத்தை இழக்க வேண்டும்.
முனைக்கு முனை தொண்ணூற்றெட்டரை சென்டிமீட்டர்.
தொண்ணூறு வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.
கரடுமுரடில்தான் காற்று தடுக்கி விழும்.
இதுவோ பள்ளிக்கூடம் கிளம்பும் தலை மாதிரி
படிய வாரி வைத்த நிலம்.

பிறகு, வேனின் பின்கதவைத் திறந்து, சல்லடை.
உலர்த்தி வைத்த மண். கறுப்பு. கனமே இல்லை.
புள்ளி எட்டு நான்கு மில்லிமீட்டர் கண்:
மேலே தங்குவதைக் காற்றால் தூக்க முடியாது,
கீழே இறங்குவது காற்றின் சொத்து.
தங்கியது நூற்றுக்குப் பத்தொன்பது.

“மீதி?” என்றார் ட்ரெவர்.
நான் எழுதி முடித்த எண்ணை
மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு பொருக்கு இருந்தது, உண்மைதான்.
மார்ச் மழை போட்டுவிட்டுப் போன மூன்று மில்லிமீட்டர்.
விரலால் தட்டினால் பிஸ்கட் சத்தம்.
அது இருக்கும்வரை என் எண்களுக்கு வேலையில்லை.
ட்ரெவரின் நாய் ஒரு முயலைத் துரத்திக்கொண்டு
வயலுக்குக் குறுக்கே ஓடியது.
அடிக்கு ஒரு கதவு திறந்தது.

வியாழக்கிழமை காற்று.
மேற்கிலிருந்து வருவதற்கு என் மொழியில் கோடை என்று பெயர்;
இங்கே அது கையுறைக்குள் புகுந்து விரலைக் கடித்தது.
நொடிக்கு ஐந்து மீட்டரில் ஒன்றுமில்லை.
ஆறில் ஒன்றுமில்லை.
ஆறரையில், நாயின் தடத்தில், ஒரு துகள்
நடுங்கியது, உருண்டது, துள்ளியது,
விழுந்த இடத்தில் இன்னொன்றை எழுப்பியது.
அது இரண்டை.
வதந்தி இப்படித்தான் கிளம்பும்.
கால் மணி நேரத்தில் ஈலி தேவாலயத்தைக் காணோம்.
லாரிகள் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள்.
தூற்றிக்கொண்டது காற்றுதான்.
நெல்லைக் கொண்டுபோயிற்று,
பதரை எங்களுக்கு விட்டுவைத்தது.

சனிக்கிழமை கம்பத்திலிருந்து குப்பிகளைக் கழற்றினேன்.
ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் கட்டியது நிரம்பி வழிந்தது.
முழங்கால் உயரத்தில் பாதி.
இடுப்பளவில் ஒரு சிட்டிகை.
அடிக் குப்பியைக் காகிதத்தில் கவிழ்த்தபோது
கறுப்புக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏழு மணிகள்.
மருந்து பூசிய பீட்ரூட் விதை.
ட்ரெவர் பீட்ரூட் போடவில்லை.

சாலைக்கு அந்தப்பக்கத்து ஹேசல் காட்பி
பூட்ஸோடு வந்து எட்டிப் பார்த்து, “என்னுடையது” என்றாள்.
கேட்க ஒரு மாதிரி இருந்தது,
தொலைந்த பூனைக்குட்டியை அடையாளம் சொல்வதுபோல.
“அப்படியென்றால் என் வெங்காயம் யாரிடம்?”
ட்ரெவர் கிழக்கே திரும்பினார்.
கிழக்கே இன்னும் தெளியவில்லை.

தப்பு என்னுடையது.
மேற்கு எல்லையில் இன்னொரு கம்பம் நட்டிருக்க வேண்டும்.
அங்கே புல் இருப்பதாகப் போன வருட வரைபடம் சொன்னது;
ஹேசல் அதை அக்டோபரில் உழுதுவிட்டிருந்தாள்.
என் குப்பிகள் அளந்தது வழிப்போக்கரை.
வீட்டைவிட்டுப் போனவரை அல்ல.

இப்போது ஆய்வகத்தில் எடை பார்க்கிறேன்.
படிவத்தில் ஒரு கட்டம்: இழந்த மண், எக்டேருக்கு டன்.
தராசின் மூன்றாவது தசமம் நிற்கமாட்டேன் என்கிறது.
ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறியை அணைத்தேன்.
இன்னும் ஆடுகிறது.
என் மூச்சுதான்.
கொஞ்சம் தள்ளி நின்று,
அடக்கிக்கொண்டு,
எண் அசையாமல் நிற்கும் அந்த ஒரு நொடிக்காக
பென்சிலோடு.